சீறாவை இடையில் நிறுத்தலாமா?

நம் சமுதாயத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குர்ஆன் ஷரீபுக்கு அடுத்தபடியாக மரியாதையுடன் வைக்கப்பட்டிருக்கும் தமிழ் நூல் சீறாப்புராணம். அதனை எடுத்துத் தூசி தட்டி மீண்டும் வைப்பவர் உண்டு. மீலாது மேடைகளில் அதன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வோர் மிகப் பலர். முழுவதும் படித்து முடித்தவர் யார் என்று வினவினால்தான் சபை மௌனம் சாதிக்கிறது. பாதியில் நின்றவர் பலர் என்பது மட்டுமன்று. அவர்கள் நின்ற இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். அந்த இடம் நாட்டுப் படலம்.

வணிகத்தினின்று ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் ஒரு ரபீஉல் அவ்வல் மாதத்தில் நம்மிடம் வந்தார். தம் வாப்பா விட்டுச் சென்ற சீறாப் பிரதியை ஓதி முடிப்பதென்று நிய்யத்து வைத்ததாகவும், மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் இடறி நின்றதாகவும் சொன்னார். "மேகமும் மழையும் ஆறும் வயலுமாகவே போகிறது, ஹஜரத். எம்பெருமானார் வரக் காணோம். விட்டுவிட்டால் குற்றமாகுமா?" என்று கேட்டார். அவர் குரலில் சோம்பலின் சாயல் இல்லை, வெட்கமே இருந்தது. வாப்பாவின் நூலைக் கைவிடுவது வாப்பாவையே கைவிடுவதாகுமோ என்னும் அச்சமும் அதனுள் இருந்தது. அவரைப் போன்றோர் நம்மிடையே பலர் உள்ளமையால் இக்கேள்வியைச் சற்று விரிவாக ஆராய்வது நலம் என்று கருதுகிறோம்.

கேள்வி பிக்ஹின் சாயலில் வந்தமையால் பிக்ஹின் சாயலிலேயே முதல் விடை கூறலாம். நபிலான தொழுகையையோ நோன்பையோ தொடங்கியவர் அதனை முடித்தே தீர வேண்டுமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். ஷாபிஈ மத்ஹபில், ஹஜ்ஜும் உம்றாவும் நீங்கலாக, விரும்பித் தொடங்கிய வணக்கத்தை முடிப்பது சிறப்பே அன்றிக் கடமையன்று. ஹனபி மத்ஹபிலோ தொடங்கியதே அதனைக் கட்டாயமாக்கிவிடும். முறித்தால் களாச் செய்தல் வேண்டும். கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனபிகளும் மிகுந்திருக்கும் நம் நாட்டில், சீறாவை விட்டு நீங்க விரும்புவோர் கடற்கரைப் பக்கம் குடியேற வேண்டியதில்லை. ஒரு காப்பியத்தைப் படிப்பது எந்த மத்ஹபிலும் அவ்வகை வணக்கமாகாது. குர்ஆனைத் திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டை நன்மை உண்டு என்னும் நபிமொழி குர்ஆனுக்கே உரியது. புலவர் எழுதிய நூல் எதற்கும் அந்த உரிமையை நாமாகக் கொடுத்துவிடலாகாது. எனவே குற்றம் என்னும் பேச்சு இங்கே இல்லை.

குற்றம் நீங்கினும் நட்டம் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. விடுவதனால் இழப்பது என்ன? பிடித்து முடிப்பதனால் பெறுவது என்ன? இதற்கு விடை காணுமுன், வாசகர் இடறியது நூலின் குறையாலா, தம் குறையாலா, அல்லது இரண்டுக்கும் இடையே இருந்த ஏதோ ஒன்று அறுந்து போனதாலா என்று பார்த்தல் வேண்டும். இதனைப் பாராமல் விடுவது அவசரம். பாராமல் பிடித்துக்கொண்டிருப்பது வீம்பு.

அறிஞர் இப்னு ஸீனா தம் வரலாற்றைத் தாமே கூறுமிடத்தில் ஒரு செய்தி சொல்கிறார். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை அவர் நாற்பது முறை படித்தாராம். சொற்கள் மனப்பாடமாகியும் அதன் நோக்கம் விளங்கவில்லை. இது விளங்கிக்கொள்ள வழியில்லாத நூல் என்று நம்பிக்கை இழந்துவிட்டார். ஒரு நாள் புத்தகக் கடைவீதியில் தரகன் ஒருவன் ஒரு சிறு நூலை வற்புறுத்தி மூன்று திர்ஹத்துக்கு விற்றான். அது அந்நூலின் நோக்கங்களைப் பற்றி பாராபி எழுதியது. வீடு சென்று அதனைப் படித்த மாத்திரத்தில், மனப்பாடமாயிருந்த பெருநூல் முழுவதும் அவருக்குத் திறந்துகொண்டது. மறுநாள் அந்த நன்றிக்காக ஏழைகளுக்குத் தருமம் கொடுத்தார். நாற்பது முறையும் அவரிடம் முயற்சி குறைவாயிருந்ததில்லை, இல்லாதிருந்தது திறவுகோலே. சீறாவின் முன் நின்றுவிட்டவர்களும் தம் பொறுமையை நொந்துகொள்வதற்கு முன், தம் கையில் திறவுகோல் உண்டா என்று பார்ப்பது நல்லது.

சீறா எத்தகைய நூல் என்பதை இங்கே நினைவு கூர்வோம். எட்டயபுரம் சமஸ்தானப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறுப் புலவர், பதினேழாம் நூற்றாண்டில் இதனைப் பாடினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி தொடக்கத்தில் ஆதரவு நல்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். அவரையே புலவர் நூலுள் பல இடங்களில் போற்றுகிறார். விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்கள், நுபுவ்வத்துக் காண்டத்தில் 21, ஹிஜ்றத்துக் காண்டத்தில் 47; ஆக 92 படலங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது. ஏட்டுச் சுவடிகளாக இருந்த இதனைக் காயல்பட்டினம் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நெய்னார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றினார்கள்.

இப்பெருநூலில் கடவுள் வாழ்த்து, நாடு, நகரம், தலைமுறை என நான்கு படலங்கள் கடந்த பின்னரே நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பு வருகிறது. அன்பரின் முறையீட்டில் உண்மை உண்டு. காப்பியம் பாடுவோர் மலை, கடல், நாடு, நகர், பருவம் ஆகியவற்றை வருணித்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். கம்பரும் ஆற்றையும் நாட்டையும் பாடிய பிறகே அயோத்திக்குள் புகுகிறார். உமறுப் புலவர் அவ்வழியைக் கைக்கொண்டு, அரபு நாட்டின் மீது தென்பாண்டி நாட்டு மழையைப் பெய்வித்தார், வயல்களை விளைவித்தார். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம் துஆவில் மக்கத்துப் பள்ளத்தாக்கைப் பயிர் விளையாத இடம் என்றே குறித்ததைக் குர்ஆன் அறிவிக்கிறது. இதனைப் புலவர் அறியாதவரல்லர். அவர் நமக்குப் பூகோளம் கற்பிக்க வரவில்லை. வளமே சிறப்பு என்று கருதிய ஒரு மொழியில், பெருமானாரின் மண்ணுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதையை அவர் செய்தார். இதனை அறிந்து படிப்பவருக்கு அவ்வயல்களில் ஓடும் நீர் அன்பாகத் தோன்றும். அறியாது படிப்பவருக்கு அது வழியை மறிக்கும் வெள்ளமாகவே தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கஸீதத்துல் புர்தாவை நம் வீடுகளில் ஓதாதவர் யார்? இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் அதன் முதற் பகுதியைக் காதலின் துயரத்துக்கும், இரண்டாம் பகுதியை நப்ஸின் தீங்குக்கும் ஒதுக்கி, மூன்றாம் பகுதியில்தான் நாயகத்தின் புகழுக்கு வருகிறார்கள். கஃபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பெருமானாரின் திருமுன் பாடிய கஸீதாவும் ஸுஆது என்னும் பெண்ணின் பிரிவிலேதான் தொடங்குகிறது. அரபுக் கவிதையின் மரபு அது. அங்கே எம்பெருமானார் வரக் காணோம் என்று எவரும் முறையிட்டதில்லை. அரபு மொழி விளங்காதவர்களும் முறையிட்டதில்லை. தாய்மொழியில் உள்ள சீறாவிடம் மட்டும் நாம் ஏன் பொறுமை இழக்கிறோம்?

நூலின் நீளம் இதற்கு விடையாகாது. நாட்டுப் படலத்தில் நிற்பவர் அந்த நீளத்தைக் கண்டவரல்லர். புர்தா நமக்குச் சபையில் வருகிறது; சீறா இன்று நமக்குத் தனிமையில் வருகிறது. இதுவே நாம் காணும் விடை. புர்தாவை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார், பலர் சேர்ந்து ஓதுகிறார்கள், பிள்ளைகள் கேட்டே மனப்பாடம் செய்கிறார்கள். சொல் விளங்காத இடத்தில் இசை தூக்கிச் செல்கிறது. சீறாவும் ஒரு காலத்தில் அவ்வாறே வாழ்ந்தது. ஒருவர் விருத்தத்தை இராகத்துடன் பாட, மற்றொருவர் சொல் பிரித்துப் பொருள் விரித்துச் சொல்ல, ஊர் கூடிக் கேட்டது. கேட்டவர்களுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை; பொருள் சொல்பவரே அகராதியாக இருந்தார். களைப்பு வந்தால் அன்றைய சபை முடிந்தது, மறுநாள் தொடர்ந்தது. பலர் பங்கிட்டுச் சுமந்த அந்தச் சுமையை இன்று ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், இரவு விளக்கடியில், வாய் திறவாமல், தனியே தூக்க முயல்கிறார். அவர் தோள் நோவதில் வியப்பில்லை. சீறாவை வாசகர் கைவிடுவதற்கு முன்பே அதன் சபையை ஊர் கைவிட்டுவிட்டது.

அறுந்துபோனது இதுவெனில் திறவுகோலும் இதுவே. உரை கைவசம் இருத்தல் வேண்டும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் சீறாவுக்கு உரை கண்டுள்ளனர். கதையை எளிய வசனமாகச் சொல்லும் நூல்களும் உண்டு. முதலில் வசனத்தில் கதையை அறிந்து, பின்னர் உரையுடன் விருத்தத்துக்கு வருவதில் இழுக்கு ஒன்றுமில்லை. இருவராகவேனும் அமர்ந்து ஒருவர் பாட மற்றவர் பொருள் பார்ப்பது அதனினும் சிறந்தது. வாய்விட்டுப் படிக்கும்போது, கண்ணுக்குக் கரடாகத் தோன்றிய அடி நாவுக்கு எளிதாவதை ஒவ்வொருவரும் அனுபவத்தில் காணலாம்.

இடறலுக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லுபவர்கள் பெரும்பாலும் நம் இளைஞர்கள். சீறாவில் வரும் நிகழ்ச்சிகள் எல்லாம் ஸஹீஹான அறிவிப்புகள் அல்லவே, அப்படியிருக்க அதனைப் படிப்பது தகுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது. மான் பேசிய நிகழ்ச்சியைப் போன்றவற்றின் தரம் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விவாதம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சீறாவிடம் மார்க்கச் சட்டம் கேட்பவர் எவருமில்லை. வரலாற்றின் வலிமையை அறிய விரும்புவோர்க்கு அதற்கென்று கிதாபுகள் இருக்கின்றன. தமிழ் பேசும் ஒரு முஸ்லிமின் உள்ளம் தன் நபியை எவ்வாறு நேசித்தது, அந்த நேசத்துக்குத் தன் மொழியில் எத்தகைய வடிவம் கண்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு இந்நூலை விட்டால் வேறு நூல் அரிது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்குக் குழப்பமில்லை.

நூலின் பக்கம் குறையே இல்லை என்றும் நாம் வாதிடமாட்டோம். ஹிஜ்றத்துக் காண்டம் 2683 விருத்தங்களைக் கொண்டது. நூலில் பாதிக்கு மேல். அதில் போர்ப் படலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வில்லும் வாளும் குருதியும் தூளியும் காப்பிய மரபு கற்றுக் கொடுத்த வாய்பாட்டிலேயே திரும்பத் திரும்ப வருவதால், ஒரு போருக்கும் மற்றொரு போருக்கும் உள்ள வேறுபாடு வாசகர் நெஞ்சில் பதியாமல் போகிறது. உஹதின் துயரம் பத்றின் வெற்றியினின்று வேறாக ஒலிக்க வேண்டிய அளவுக்கு ஒலிக்கவில்லை என்பது நம் கருத்து. உமறுப் புலவரின் ஆற்றல் படைக்களத்தைக் காட்டிலும் இரக்கம் பிறக்கும் இடத்தில்தான் ஓங்கி நிற்கிறது. மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பாருங்கள். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது, பெருமானார் அதற்குப் பிணை நிற்கிறார்கள், வேடன் ஐயுறுகிறான், மான் தன் கன்றையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்து நிற்கிறது. வாக்குத் தவறாத அந்த விலங்கைக் கண்ட வேடனின் நெஞ்சம் இளகி ஈமானுக்கு வருகிறது. தாய்மை, சொல் தவறாமை, நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஒரு சிறு நிகழ்ச்சிக்குள் அடக்கிவிட்ட படலம் அது. இதனைப் படித்தவர் புலவரை மறக்கமாட்டார். போர்ப் படலங்கள் அத்தனையும் படித்து இதனைப் படியாதவர் புலவரை அறிந்தவராகமாட்டார்.

எனவே வரிசையை விடுவது நூலை விடுவதாகாது. சீறாவை முதல் ஏட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்று விதித்தவர் யாருமில்லை. மானிலிருந்து தொடங்கலாம். உமறு கத்தாப் ஈமான் கொண்ட படலத்திலிருந்து தொடங்கலாம். கதீஜா நாயகியின் திருமணத்திலிருந்தோ பாத்திமா நாயகியின் திருமணத்திலிருந்தோ தொடங்கலாம். களைப்பூட்டும் இடத்தைத் தாண்டிச் செல்லலாம். இது அவமரியாதை என்று எண்ணுவோர் இப்னு ஹிஷாம் (ரஹ்) அவர்களை நினைத்துக்கொள்ளட்டும். இப்னு இஸ்ஹாக் (ரஹ்) தொகுத்த நாயக வரலாற்றை அவர்கள் செப்பம் செய்தபோது, நூலின் நோக்கத்துக்கு நேரே தொடர்பில்லாதவற்றையும், கவிதை அறிந்தோர் ஏற்காத செய்யுள்களையும் விலக்கியதாக முன்னுரையிலேயே கூறுகிறார்கள். மூலத்தின் மீது அவர்களுக்கு மரியாதை இல்லை என்று எவரும் சொன்னதில்லை. அவர்கள் விலக்கித் தந்த வடிவத்தில்தான் அந்த வரலாறு பெரும்பாலும் நம்மை வந்தடைந்திருக்கிறது.

விலக்கியதை என்றென்றும் விலக்கிவிடவும் வேண்டாம். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், சுருக்க நூல்கள் பெருகுவது கல்விக்குத் தீங்கு என்று எச்சரிப்பதோடு, ஒரு கலையை மாணவருக்கு மூன்று சுற்றில் கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறார். முதற் சுற்றில் தலையாய செய்திகள் சுருக்கமாக. இரண்டாம் சுற்றில் விளக்கமும் கருத்து வேறுபாடுகளும். மூன்றாம் சுற்றில் எஞ்சிய கடினமான யாவும். சீறாவுக்கும் இம்முறை பொருந்தும். முதற் சுற்றில் உள்ளம் கவரும் பத்துப் படலங்கள். இரண்டாம் சுற்றில் கதைத் தொடர்ச்சி. மூன்றாம் சுற்றில் நாட்டுப் படலமும் போர்ப் படலங்களும். மூன்றாம் சுற்று வாழ்நாளில் வராமலே போகலாம். முதற் சுற்றே கிட்டியவர், அலமாரியில் முழு நூலையும் வைத்திருந்து ஓரடியும் அறியாதவரைக் காட்டிலும் செல்வர்.

முடித்தல் என்னும் சொல்லையே சீறாவின் முன்னிலையில் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 5027 விருத்தங்களையும் ஒருவர் படித்துவிட்டார் என்றே கொள்வோம். அவர் சென்று சேரும் இடம் உறனிக் கூட்டப் படலம். அது ஹிஜ்ரி ஆறாம் ஆண்டளவில் நிகழ்ந்த செய்தி. அங்கே நூல் நின்றுவிடுகிறது. மக்க வெற்றி அதில் இல்லை. இறுதி ஹஜ்ஜு இல்லை. பெருமானாரின் வபாத்து இல்லை. அவற்றைப் பாடுவதற்குக் காயல்பட்டினம் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா இயற்ற வேண்டியிருந்தது. தமிழ் முஸ்லிம்களின் தலைசிறந்த காப்பியம் முடிவுபெறாத நூல். அதனால் அதன் மதிப்பு ஓர் அணுவும் குறையவில்லை. பாடிய அளவுக்குப் புலவரை நாம் போற்றுகிறோமே அன்றிப் பாடாது விட்டதற்காக ஒருவரும் அவரை ஏசவில்லை. இந்த நீதியை வாசகருக்கும் வழங்குவதில் தவறென்ன?

இவ்வளவும் செய்து பார்த்த பின்னரும் சீறா ஒருவர் உள்ளத்தில் இறங்கவில்லையெனில், அவர் அதனை மூடி வைக்கலாம். உரையுடன் பார்த்தார், வாய்விட்டுப் படித்தார், துணை சேர்த்துக்கொண்டார், மானிடமும் சென்று வந்தார், ஆயினும் சுவைக்கவில்லை. சுவை அல்லாஹ் பங்கிட்ட கொடைகளுள் ஒன்று. எல்லார்க்கும் எல்லாம் வாய்ப்பதில்லை. பயனளிக்காத கல்வியினின்று பாதுகாவல் தேடுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தமக்குப் பயன் தராததென்று கண்டறிந்த ஒன்றைப் பெருமைக்காகச் சுமப்பதும் அந்தத் துஆவுக்கு ஒவ்வாதது. அவர் நாயக வரலாற்றை நல்ல உரைநடை நூலொன்றில் படிக்கட்டும். சீறாவை அதன் சுவை அறியும் மற்றொருவர் கையில் கொடுக்கட்டும். அந்த மற்றொருவர் தம் பேத்தியாகவும் இருக்கக்கூடும்.

நமக்கு அச்சம் தருபவர் நேர்மையுடன் மூடி வைப்பவரல்லர். திறவாமலே போற்றுபவர்தாம் அச்சம் தருகிறார். படியாத நூலைப் பட்டுத் துணியில் பொதிந்து வைத்து, பிள்ளைகளிடம் அது பெரிய நூல் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், பெரியது என்பதற்குப் படிக்கக் கூடாதது என்றே அவர்கள் பொருள் கொள்வார்கள். இரண்டு தலைமுறையில் சீறா ஒரு பெயராக மட்டும் எஞ்சிவிடும். ஆதலால் இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் வேண்டிக்கொள்கிறோம்: வரும் ரபீஉல் அவ்வலில் ஓர் இரவேனும் வீட்டார் அனைவரும் கூடியிருந்து, இராகம் அறிந்த ஒருவர் பாட, பொருள் அறிந்த ஒருவர் சொல்ல, மானுக்குப் பிணை நின்ற படலத்தைக் கேளுங்கள். பிள்ளைகள் மேலும் கேட்டால் மேலும் படியுங்கள். கேளாவிட்டால் அன்றோடு நிறுத்துங்கள். நூலைத் திறந்த கை திறந்ததாகவே இருக்கும். வல்ல நாயன் நம் மொழியையும் நம் நேசத்தையும் ஒன்று சேர்த்துக் காப்பானாக. ஆமீன்.